பேசாத பெட்டி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் கார்த் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கார்கள் தயாராகின்றன. ஆனால் தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவை ஏரிகள்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால், மிச்சத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி. அதுவும் நிரம்பினால் அடையாறு. அடையாற்றின் கரையில் சென்னை! 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதை யார் மறப்பார்கள்?

மேல் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று அவ்வப்போது தெரிந்தால் நல்லதுதானே? அதற்குக் கருவி இருக்கிறது. ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு பாட்டரி, தண்ணீர் மட்டத்தை அறியும் உறுப்பு, சின்ன ரேடியோ. கம்பி கிடையாது. பெட்டி தன் கணக்கைப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாய் நின்று குடத்தைக் கைமாற்றுவது போலத்தான்.

வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தால்?

பெட்டிகளும் விழும். பாட்டரி தீரும். ஈரம் புகும். மாடு முட்டும். இதற்கு விஞ்ஞானிகள் வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் குறித்த நேரத்தில் "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை குரல் வராவிட்டால், பக்கத்துப் பெட்டி அதை விட்டுவிட்டு வேறு பெட்டி வழியாகச் செய்தியை அனுப்பிவிடும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலக் கடலோரத் தீவு ஒன்றில், 2002-ல் கடற்பறவைக் கூடுகளைக் கவனிக்க 32 பெட்டிகள் வைத்தார்கள். ஈரம் பட்டுச் சில செத்தன. சாகும் முன் அவை ஈரத்தின் அளவைத் தாறுமாறாகச் சொல்லினவாம். ஜுரத்தில் பிதற்றுவது மாதிரி! பிதற்றும்போதே கவனித்தால், சாகும் முன்பே மாற்றிவிடலாம் அல்லவா?

சிக்கனம் என்று ஏரிக்கு ஒரே பெட்டி வைத்தால், சுற்றிப்போக வழி ஏது? இரண்டாவது வேண்டும். அலுவலகத்தை ஒட்டிய பெட்டிக்கு மூன்று துணை இருந்தாலும் தகும். எல்லோர் செய்தியையும் அதுதான் சுமக்கிறது. அதன் பாட்டரிதான் முதலில் தீரும். கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள் கதி!

இன்னொன்று. பெட்டி ஊமையானபின், பழைய எண்ணே திரையில் நின்றால் என்ன ஆகும்? "தண்ணீர் ஏறவில்லை" என்று அதிகாரி நிம்மதியாக இருப்பார். அங்கே கரை வழிந்துகொண்டிருக்கும். ஆகவே, செய்தி நின்ற உடனே எண் மறைய வேண்டும்; மணி அடிக்க வேண்டும்.

பெருமழையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே ராத்திரியில் அடங்கிவிடலாம். 2015 வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் தொலைபேசிகளே ஊமையாகிவிட்டனவே! அப்போது அண்டைப் பெட்டி எப்படி உதவும்? கருவி வந்துவிட்டது, ஏரிக்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். மதகில் அளவுகோல் இருக்கட்டும். அதைப் படிக்க ஒரு காவலாளும், கையில் ஒரு டார்ச் விளக்கும் இருக்கட்டும்.

பெட்டிகளை வைப்பவர்கள் ஐப்பசி பிறக்குமுன் ஒரு காரியம் செய்யலாம். யாருக்கும் சொல்லாமல் ஒரு பெட்டியை அணைத்துவிட்டு, அலுவலகத்தில் மணி அடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கட்டும்.