அக்கரையில் ஓட்டிய ஆண்டுகள் இக்கரையில் செல்லாதா?

வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சபுராளிகள் பலர் ஆசையோடு வாங்குவது ஒரு கார். கார் விலையில் ஆயிரம் ரூபாய் குறைக்க அரைநாள் பேசுகிறவர், இன்சூரன்ஸ் என்றதும் ஏஜெண்ட் எழுதித் தந்த தொகையை அப்படியே கட்டிவிட்டு வருகிறார். அதில் தமக்குச் சேரவேண்டிய தள்ளுபடி விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இழப்பீடு எதுவும் கேட்காமல் ஓராண்டு ஓட்டினால் 20 சதவீதம், ஐந்தாண்டு ஓட்டினால் 50 சதவீதம் என்று, சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் கழிக்கப்படுகிறது. இதுதான் 'நோ கிளைம் போனஸ்'. இது காருக்கு உரியதல்ல, பாலிசிதாரருக்கு உரியது. வெளிநாட்டில் ஈட்டிய போனஸையும் இங்கே தரலாம் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளே இடம் வைத்தன. அங்கே பாலிசி முடிந்து மூன்றாண்டுக்குள் இங்கே எடுக்க வேண்டும். அத்தாட்சி காட்ட வேண்டும். 2007 முதல் இந்தப் பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். போனஸை எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியிடம் முறையிட்டும் தீராவிட்டால், சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. அங்கே மனுச் செய்யக் கட்டணம் இல்லை.

அத்தாட்சிக் கடிதத்தை விசா ரத்தாகுமுன்பே, ஆங்கிலத்தில், கம்பெனி முத்திரையோடு வாங்கிவிடுங்கள். தங்கம் வாங்க மறக்காத நாம் இந்த ஒரு தாளை மறந்துவிட்டு விமானம் ஏறுகிறோம்!

ஆனால் இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது? சொந்தக் கார் வைத்திருந்த மேனேஜருக்கும் என்ஜினீயருக்கும். கஃபீலின் வீட்டில் 'ஹவுஸ் டிரைவராக' இருந்த நம் சகோதரருக்கு? அவர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கி, ஒரு கீறல்கூட விழாமல் பதினைந்தாண்டு ஓட்டியிருப்பார். பாலிசி கஃபீலின் பெயரில், போனஸும் கஃபீலுக்கே. இங்கே வந்தால் நேற்று லைசென்ஸ் எடுத்தவரும் இவரும் ஒன்று! இது என்ன நியாயம்?

இவர்தான் பிழைப்புக்காகப் பழைய கார் ஒன்றை வாங்குகிறார். "இன்சூரன்ஸ் ஓட்டத்தில் இருக்கிறது" என்பார் விற்பவர். பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால், மோதியவருக்கான காப்பு தொடரலாம். சொந்தக் காரின் சேதத்துக்குக் கம்பெனி கைவிரித்துவிடும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது அதைவிட ஆபத்து. விபத்தில் ஓர் உயிர் போனால் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், நிபந்தனையை மீறினார் என்று அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்க வரும். பாலைவன வெயிலில் சேர்த்துக் கட்டிய வீடு அதில் போய்விடும். காலாவதியான இந்திய லைசென்ஸோடு ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

'இன்சூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா?' என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985இல், வணிகக் காப்பீடு கூடாது என்றும் கூட்டுறவு முறையிலானது கூடும் என்றும் தீர்மானித்தது. மற்றவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடோ இங்கே சட்டம் கட்டாயமாக்கியது. அதை எடுக்காமல் சாலையில் இறங்கி ஒரு குடும்பத்தை அநாதையாக்குவதை எந்த ஆலிமும் பேணுதல் என்று சொல்லமாட்டார். அதற்குமேல் எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹைதராபாத்திலுள்ள இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை ஒன்றுதான்: வளைகுடாவில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவரின் விபத்தில்லா ஆண்டுகளையும், அந்நாட்டுப் போக்குவரத்துக் காவல்துறையின் சான்றைக் கொண்டு, பிரீமியத்தில் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறைக்கும் இதே மனுவை ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் அனுப்பட்டும். ஊரில் எத்தனை ஓட்டுநர்கள் திரும்பியிருக்கிறார்கள் என்ற பட்டியலையும் உடன் இணையுங்கள்.