மூன்று வயதில் கைமாறும் பந்து

அண்மையில் வடமராட்சியில் ஒரு முன்பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்குச் சென்றிருந்தேன். பேர்த்தி பங்குபற்றுகிறாள் என்பதே காரணம். மற்றும்படி பிரதம விருந்தினர் உரைகளை நாற்பது ஆண்டுகளாகக் குறிப்பெடுத்துக் களைத்தவன் நான். ஆண் பிள்ளைகளுக்குக் கூடைக்குள் பந்தெறிதல் வைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தேசிக்காய்க் கரண்டி ஓட்டமும் மணி கோர்த்தலும். எவரும் வியப்படையவில்லை. பாதி நிகழ்ச்சி முடியும் வரை நானும் வியப்படையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலர்களின் அசைவுத் திறன்களை ஆராய்வோர் அவற்றை இரு பிரதான கூறுகளாகப் பிரித்து நோக்குவர். ஓடுதல், பாய்தல், கெந்துதல் ஆகியன ஒன்று. எறிதல், பிடித்தல், உதைத்தல் என ஒரு பொருளைக் கையாள்வன மற்றையது. முதலாவதில் இருபாலாரிடையே பெரிய இடைவெளி இல்லை. கெந்துவதில் பெண் பிள்ளைகள் சற்று முந்துவதாகவும் பல ஆய்வுகள் கூறும். இரண்டாவதில் ஆண் பிள்ளைகளே முன்னிற்கின்றனர். அமெரிக்க ஆய்வாளர்களான ஜெரி தோமஸ், கரன் பிரெஞ்ச் இருவரும் 1985இல் 64 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சிறு வயதில் காணப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் சிறியவை, வளரும் சூழலால் விளக்கக்கூடியவை என்பது அவர்களது முடிவு. எறிதல் மட்டும் விதிவிலக்கு. மூன்று, நான்கு வயதிலேயே அதில் இடைவெளி பெரிதாக இருந்தது. உயிரியலுக்கும் அதில் பங்கிருக்கலாம் என அவர்கள் கருதினர்.

"பார்த்தீர்களா, இயற்கை!" என்று இந்த இடத்தில் சிலர் எழுந்து போய்விடுவார்கள். சற்று இருங்கள். அதே தோமஸ் வேறு சிலருடன் இணைந்து 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று அவுஸ்திரேலிய ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பற்றியது. பெண்களும் எறிந்து வேட்டையாடிய மரபு அவர்களுடையது. அங்கும் ஆண் பிள்ளைகளே வேகமாக எறிந்தனர். ஆனால் இடைவெளி அமெரிக்கப் பிள்ளைகளிடையே காணப்பட்டதைவிடக் குறைவு. இயற்கை ஒரு பங்கைத் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சிய பங்கு யாருடையது?

நியூயோர்க்கில் நடந்த ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பதினொரு மாதக் குழந்தை எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மாரிடம் கேட்டார்கள். ஆண் குழந்தையின் தாய் கூட்டிச் சொன்னாள். பெண் குழந்தையின் தாய் குறைத்துச் சொன்னாள். இறக்கிப் பார்த்தபோது குழந்தைகளிடையே வேறுபாடே இல்லை! 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது.

எறிதல் தானாகக் கைவருவதன்று. வலக்கையால் எறிபவர் இடக்காலை முன்வைக்க வேண்டும். இடுப்பும் தோளும் திரும்ப வேண்டும். பலநூறு தடவை எறிந்தே உடல் இதைக் கற்கிறது. எங்கள் ஊரில் பையன்களுக்கு அந்தப் பயிற்சியை இலவசமாகக் கொடுப்பது அயல்வீட்டு மாமரம். அதே மரத்துக்குச் சிறுமி ஒருத்தி கல்லெடுத்தால், "பொம்பிளைப் பிள்ளை கல்லெறியிறதே?" என்று யாரோ ஒரு பெரியம்மா படலையில் நின்று கேட்பார். ஐந்து வயதில் எறியத் தெரியாதவளைப் பத்து வயதில் எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். பிறகு அவள் தானாகவே ஓரத்தில் போய் நிற்பாள்; நாமும் அவளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்போம்.

மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடலியக்கம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. அதில் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்ற பிரிப்பு இல்லை.

பெரியம்மாவை மட்டும் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. பேரனுக்குக் கிரிக்கட் மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தவன் நான். பேர்த்திக்கு வாங்கியது சோறுகறிச் சட்டிகள்.

போட்டி முடிந்தபின் ஆசிரியையிடம் விசாரித்தேன்.

"பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பந்தெறிதல் வைச்சால் தாய்மார் விரும்பமாட்டினம், ஐயா."

"எந்தத் தாய் அப்படிச் சொன்னவ, பிள்ளை?"

அவர் சற்று யோசித்தார். "ஒருத்தரும் சொல்லேல்லைத்தான்" என்றார்.

கூடை இன்னும் மைதானத்தில் இருந்தது. பேர்த்தியிடம் ஒரு பந்தைக் கொடுத்தேன். எறிந்தாள், அது அவளது காலடியிலேயே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி எறிந்தாள். இருட்டும் வரை நாங்கள் வீடு திரும்பவில்லை.