வெள்ளிக் கண்ணும் பிள்ளைக் கண்ணும்

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பது நம் ஜில்லாவில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று கணக்குச் சொல்லி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகின்றவர்கள் ஒரு படிகூடக் குறையாமல் எண்ணி ஏறுகின்றார்கள். இவ்வளவு கணக்காயிருக்கின்ற நம் மக்களிடம், “உங்கள் குழந்தையின் கண் சென்ற ஆறு மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கின்றது?” என்று கேட்டால், “கண்கூட வளருமா?” என்று நம்மையே திருப்பிக் கேட்கின்றார்கள். கேளாமலும் அளவாமலும் விட்டதனால் குருடாகிப் போகின்ற குழந்தைகள் இருக்கின்றபடியால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

கண் வளரத்தான் செய்கின்றது. பிறந்த குழந்தையின் கண்ணை முன்னிருந்து பின்னாக அளந்தால் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வயதில் 20ஐ ஒட்டி வரும். அதன் பிறகு மெதுவாக, பல வருஷம் எடுத்துக்கொண்டு, 23 அல்லது 24இல் நின்றுவிடும். இந்தக் கணக்கை மீறி ஒரு கண் வேகமாக வளருமானால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். கண்ணுக்குள்ளே ஓயாமல் ஒரு தெளிந்த நீர் ஊறுகின்றது. ஊறிய நீர் கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற ஒரு வழியாய் வெளியேற வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த வழி சரியாக அமைவதில்லை. மதகு அடைபட்ட ஏரிக்கு என்ன கதியோ அதுவே கண்ணுக்கும். பெரியவர்களின் கண் கல்லால் கட்டின கரை. உள்ளே அழுத்தம் ஏறினாலும் உருவம் மாறாது. குழந்தையின் கண்ணோ ஈர மண்கரை. நீர் ஏற ஏறக் கரையே இளகி விரிந்து கொடுக்கின்றது. டாக்டர்கள் குளுக்கோமா என்று சொல்லுகின்ற கண்ணழுத்த நோய் குழந்தைகளிடம் காட்டுகின்ற வேலை இதுதான். இப்படிப் பெருத்த கண்ணுக்கு மேல்நாட்டு வைத்தியர்கள் ‘மாட்டுக் கண்’ என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்களோ ‘மான் விழி’ என்று கொஞ்சுகின்றார்கள்!

பெரிய கண் என்றால் நமக்கு உடனே லட்சணம் நினைவுக்கு வந்துவிடுகின்றது. பாட்டி வந்து நெட்டி முறிப்பாள். அத்தை வந்து கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பாள். குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பித் தாய் தோளில் புதைத்துக்கொள்ளும். இமையை இறுக மூடிக்கொள்ளும். அழாமலே கண்ணீர் வழியும். கருவிழி தெளிவிழந்து பால் கலந்தாற்போல் மங்கும். இந்நான்கும் கண்ணழுத்தத்தின் அடையாளங்கள். கருவிழியின் அகலம் பிறந்த குழந்தைக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு வயதுக்குள் அது 12ஐத் தாண்டினால் அழகென்று மகிழாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் தாய்ப்பால் பீச்சுவது, பிறகு விளக்கெண்ணெய், அதன் பிறகு யாரோ சொன்ன தழைச் சாறு. அதற்கும் கேளாவிட்டால் ஜோசியன். அவன் வலக் கண்ணுக்குச் சூரியன், இடக் கண்ணுக்குச் சந்திரன் என்று பங்கு போட்டுப் பரிகாரம் எழுதிக் கொடுப்பான். கடைசியில் சாமிக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக ஒரு வேண்டுதல்.

“வேண்டிக்கொள்வதால் உமக்கென்ன நஷ்டம்?” என்று நம்மை அதட்டுகின்றவர்கள் உண்டு. நமக்கொரு நஷ்டமுமில்லை. நஷ்டமெல்லாம் குழந்தைக்கு. ஆடி வரட்டும், கிருத்திகை வரட்டும், முடி இறக்கிவிட்டுப் பார்ப்போம் என்று தள்ளுகின்ற ஒவ்வொரு மாதமும் பார்வை நரம்பு நசுங்குகின்ற மாதம். அந்த நரம்பு செத்துப் போட்ட பார்வையை இன்று உலகத்தில் எந்த வைத்தியராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இவ்விடத்தில் நமக்குப் பக்கத்திலுள்ள காளத்திக் கதையைப் பக்தர்களுக்கு ஞாபகப்படுத்துகின்றோம். சாமியின் கண்ணில் ரத்தம் வடிந்ததைக் கண்ட வேடன் கண்ணப்பன் வேண்டுதலா செய்தான்? காட்டுக்கு ஓடிப் பச்சிலை தேடினான். அது பலிக்காமற் போகவே அடுத்த வைத்தியத்துக்குத் துணிந்தான். கதைப்படியே சாமியின் கண்ணுக்கு மனிதன்தான் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படியிருக்க, மனிதக் குழந்தையின் கண்ணுக்குச் சாமி வைத்தியம் பார்க்கும் என்று காத்துக் கிடப்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, இந்நோய் நம் பக்கத்தில் அபூர்வமென்று யாரும் எண்ண வேண்டாம். மேல்நாடுகளில் பதினாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் காணப்படுகின்ற பிறவிக் கண்ணழுத்தம், ஆந்திரத்தில் நடந்த ஆராய்ச்சியில் 3,300 பிறப்புக்கு ஒன்று என்று தெரிய வந்திருக்கின்றது. இந்நோயோடு சேர்ந்த ஒரு பரம்பரைக் கூற்றை 1997இல் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பன் இருவரும் பார்வைக்குச் சுகமாயிருந்துகொண்டே அந்தக் குறையை ஆளுக்குப் பாதி சுமந்திருந்தால், பிறக்கின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இரத்த உறவுக்குள் கல்யாணம் செய்தால் இருவரும் ஒரே குறையைச் சுமக்க இடம் அதிகம். உறவில்லாத பெற்றோர்களுக்கும் இந்நோயுடன் பிள்ளை பிறக்கின்றது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மாமன் மகளைக் கட்டுவது நம் பழக்கம். வள்ளியும் தெய்வயானையும் திருமாலின் பெண்கள், முருகன் திருமாலின் மருமகன் என்று புராணமே சாமிக்கும் மாமன் மகளைத்தான் கட்டி வைத்திருக்கின்றது! சாமிக்குப் பிள்ளை பிறந்து கண் கெட்டதாகக் கதை இல்லை, நமக்கல்லவோ கெடுகின்றது. 1960இல் எல்லைக்கோட்டைத் திருத்தித் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அக்காள் மகளைக் கட்டுகின்ற வழக்கத்தில் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொத்து வெளியே போகக் கூடாது, ஜாதி கலையக் கூடாது என்பதற்காகக் குழந்தையின் கண்ணைப் பணயம் வைக்கின்றோம். மேடையில் ஜாதி ஒழிய வேண்டுமென்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய் அக்காள் மகளுக்குத் தாலி எடுக்கின்ற நம் தோழர்களையும் சேர்த்தே இதைச் சொல்லுகின்றோம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைக்குக் கதி இருட்டுத்தான். 1942இல் அமெரிக்காவில் ஆட்டோ பார்க்கன் என்ற டாக்டர், அடைபட்ட வழியை உள்ளிருந்தே கீறித் திறக்கும் ஆபரேஷனை எழுதி வெளியிட்ட பிறகு நிலைமை மாறிற்று. நம் தென்னாட்டிலும் ஐதராபாத்து எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அனில் குமார் மண்டல் பிறவிக் கண்ணழுத்தக் குழந்தைகளுக்கே தம் தொழிலைச் செலவிட்டு, 2003இல் பட்நாகர் பரிசும் பெற்றிருக்கின்றார்.

ஆனால் ஆபரேஷனோடு காரியம் முடிந்தது என்று நம்மவர்கள் நினைத்துவிடுகின்றார்கள். மொட்டை போட்டாயிற்று, நேர்த்திக் கடன் தீர்ந்தது, இனி மலைக்கு வர வேண்டியதில்லை என்கின்ற அதே புத்தியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகின்றார்கள். திறந்த வழி மாதம் கழித்தோ, வருஷம் கழித்தோ மறுபடியும் அடையலாம். அதைக் கண்டுகொள்வது எப்படி? அழுத்தத்தை அளந்தால் போதாதா என்றால், குழந்தை அழுதால் அழுத்தம் ஏறும்; தூங்கப் பண்ணும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இறங்கும். ஆகவே அந்த எண் சில சமயம் பொய்ச் சாட்சி சொல்லும். கண்ணின் நீளமோ அவ்விதம் ஒரு நாளில் ஏறி இறங்காது. ஒலியலைக் கருவியால் அந்த நீளத்தை அளந்து வயதுக்குரிய அளவோடு ஒத்துப் பார்ப்பதன் பயனை அர்ஜென்டினா நாட்டு சம்பவோலேசி 1982இல் எடுத்துக் காட்டினார். வயதுக்குத் தக்க அளவில் வளர்ந்தால் ஆறுதல். அதை மீறித் தாவினால், அழுத்தத்தின் எண் நல்லதாயிருந்தாலும் டாக்டர் நம்ப மாட்டார். மூன்று நாலு வயதுக்கு மேல் கண்ணின் சுவர் இறுகிவிடுவதால் நீளம் இவ்வளவு தெளிவாகப் பேசாது; அப்போது அழுத்தமும், நரம்பின் தோற்றமும், கண்ணாடியின் பவரும் பேசும். சோதனையோ ஆயுள் முழுவதும் உண்டு.

“பச்சைக் குழந்தைக்கு அடிக்கடி மயக்க மருந்தா?” என்று தாய்மார்கள் பயப்படுவதை நாம் பரிகாசம் செய்யவில்லை. அது நியாயமான பயம். டாக்டரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் கேட்காமலே வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெண் குழந்தையானால் ‘நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடை’ என்று நோயை மூடி மறைக்கின்ற அக்கிரமத்தை மட்டும் நாம் மன்னிப்பதாயில்லை.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயில் இருக்கின்றது. 1819இல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி எழும்பூரில் இருக்கின்றது. போகும்போது நாலணா நோட்டு ஒன்று, அதாவது இன்றைக்குப் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று, கையில் இருக்கட்டும். தேதி, வலக் கண் நீளம், இடக் கண் நீளம், கருவிழி அகலம், அழுத்தம், கண்ணாடிப் பவர் என்று ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு தடவையும் டாக்டரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் நர்ஸம்மாளிடம் நீட்டுங்கள். அந்நோட்டை ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ரயிலேறும்போது மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.