ஆறு மாதம் என்றால் ஆறு மாதமே

மார்ச் மாதத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேதியியலோ வரலாறோ, துறை எதுவானாலும் சரி. ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ உள்ள ஒரு பேராசிரியர் அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, 'வாருங்கள், சேர்ந்து விண்ணப்பிப்போம்' என்று மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு கெடுநாள்தான். அது செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வரும். அதற்குள் வாய்மொழித் தேர்வான வைவா முடிந்திருக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஆறு மாதம் இருக்கிறது.

நம் பல்கலைக்கழகங்களுக்கு விதிக்கப்பட்ட காலமும் அதே ஆறு மாதம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், ஆய்வேடு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டுப் பணி முழுவதையும் முடிக்கும்படி நிறுவனங்கள் நடைமுறை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. 2016ஆம் ஆண்டு விதிகளிலும் இதே ஆறு மாதம் இருந்தது. ஆக, இது புதிதாக வந்த சுமை அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் ஆய்வு மாணவர் விடுதி எதிலாவது போய் விசாரித்துப் பாருங்கள். ஆய்வேட்டைக் கொடுத்து எட்டு மாதம், பத்து மாதம், ஓராண்டு என்று காத்திருப்பவர்கள் சாதாரணமாகத் தென்படுவார்கள். அவர்களில் யாரும் கோபப்படுவதுகூட இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம்மை அதிகம் வருத்துவது இந்த ஏற்புதான்.

ஆறு மாத விதியை மீறுவது அலுவலகத் தாமதம் அல்ல, ஆய்வாளரின் வாய்ப்பைப் பறிக்கும் செயல். அதை அப்படியே கருதி, பொறுப்பானவர்களைப் பதில் சொல்ல வைக்க வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

வெளிநாட்டு மேலாய்வு உதவித்தொகைகள் ஏறக்குறைய எல்லாமே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயங்குபவை. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையை முனைவர் பட்டம் முடித்து நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கே தருகிறது. அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு திட்டத்திலும் நான்கு ஆண்டுதான். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஆறு ஆண்டு வரை ஏற்கிறது. உயிரியல் துறையில் பெருமதிப்புள்ள எம்போ உதவித்தொகைக்கு இரண்டே ஆண்டு. வைவா தள்ளிப்போனால் மேரி கியூரி போன்றவற்றின் அந்த ஆண்டுச் சுற்றுக்கே விண்ணப்பிக்க முடியாது. வைவா முடிந்தபின் சான்றிதழ் தள்ளிப்போனால், ஓடத் தொடங்கிவிட்ட கடிகாரத்தில் ஒவ்வொரு மாதமாகக் கழியும். முன்னால் தாமதித்தாலும் பின்னால் தாமதித்தாலும் இழப்பு ஒருவருக்கே.

போட்டியோ ஆண்டுக்காண்டு இறுகுகிறது. மேரி கியூரி உதவித்தொகைக்கு 2024இல் 10,360 பேர் விண்ணப்பித்தார்கள், 1,696 பேர் தேர்வானார்கள். 2025இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகப் பெருகின. நூற்றுக்கு எழுபது மதிப்பெண்ணை எட்டாத விண்ணப்பத்தை அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டே மீண்டும் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் வந்திருக்கிறது. இத்தகைய போட்டியில் ஓராண்டை இழப்பது என்பது வெறும் காத்திருப்பாக முடிவதில்லை. அழைத்த பேராசிரியரின் ஆய்வகத்தில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். ஆய்வுக் கேள்வியே பழசாகிவிடலாம். இங்கே ஆய்வேடு கொடுத்த கையோடு உதவித்தொகையும் நின்றுபோயிருக்கும். தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்கு வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டு, இரவில் உட்கார்ந்து ஆய்வுத் திட்டம் (ப்ரபோசல்) எழுத வேண்டும்.

தாமதம் எங்கே நேர்கிறது என்பது ஒன்றும் மர்மம் அல்ல. நெறியாளர் தேர்வாளர் பட்டியலைக் கொடுக்கிறார். அதிலிருந்து துணைவேந்தர் பெயர்களைக் குறிக்க வேண்டும். குறித்தபின் கடிதம் போக வேண்டும், சம்மதம் வர வேண்டும், ஆய்வேடு போக வேண்டும், அறிக்கை வர வேண்டும். ஒரு தேர்வாளர் பதிலே போடாவிட்டால், இன்னொருவருக்கு அனுப்பலாமா என்று கேட்கும் கோப்பு மறுபடியும் மேலே ஏறி இறங்க வேண்டும். எல்லா அறிக்கைகளும் வந்தபின் தொகுப்பறிக்கை, வைவாவுக்கு உத்தரவு, அறிவிப்பு, பின்னர் ஒப்புதல். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருடைய மேசை இருக்கிறது. ஆய்வாளர் தம் ஊரிலிருந்து பேருந்து ஏறி வந்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பிரிவின் வாசலில் நின்று, 'சார், என் தீசிஸ் எங்க இருக்கு?' என்று கேட்டால்தான் அந்த மேசையிலிருந்து தாள் நகர்கிறது. முனைவர் பட்டத்துக்கு உழைத்த ஒருவரை இப்படி நிற்கவைப்பதில் நமக்கு வெட்கம் வர வேண்டும்.

துணைவேந்தரின் கையெழுத்தை நம்பி நிற்கும் இந்த ஏற்பாட்டில் துணைவேந்தரே இல்லாமல் போனால் என்ன ஆகும்? பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவிகள் காலியாயின. நியமன அதிகாரத்தை மாற்றும் மசோதாக்கள் உள்ளிட்டவற்றுக்கு ஆளுநர் ஒப்புதல் தராதது குறித்த மாநில அரசின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு வந்தது. அதனால் நடைமுறைக்கு வந்த நியமனச் சட்டங்களுக்கு அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வந்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை வேறு தருணத்தில் எழுதலாம். துணைவேந்தர் இல்லாதபோது பொறுப்பேற்கும் ஒருங்கிணைப்புக் குழுக்கள் அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டன என்று சொல்வார்கள். கோட்டையில் நூறு வேலை பார்க்கும் செயலர் ஒருவர் தலைமையில் எப்போதோ கூடும் குழு, ஒரு ஆய்வேட்டின் தேர்வாளர் பட்டியலுக்கு எவ்வளவு சீக்கிரம் நேரம் ஒதுக்கும்? அதிகாரச் சண்டையின் விலையை அதில் எந்தப் பங்கும் இல்லாத இளைஞர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'வெளியூர்த் தேர்வாளர்கள் அறிக்கை அனுப்புவதில்லை, நாங்கள் என்ன செய்வது?' என்பது பல்கலைக்கழகங்கள் சொல்லும் சமாதானம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மாநிலத்துக்கு வெளியே ஒருவர், முடிந்தால் நாட்டுக்கு வெளியே ஒருவர் என்று தேர்வாளர்களைத் தேடும்போது காலம் பிடிக்கவே செய்யும். ஆனால் ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கப்பட்ட அன்றே தேர்வாளர்களிடம் சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டால், ஆய்வேடு வந்த மறுநாளே அதை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமே. ஆறு வாரத்துக்குள் அறிக்கை வராவிட்டால், பட்டியலில் அடுத்த பெயருக்குக் கோப்பு ஏறாமலே ஆய்வேடு போகும்படி விதி செய்யலாமே. இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. வைவாவை இணையவழியில் நடத்தவும் விதி இடம் தருகிறது. பட்டமளிப்புக்கு முன்பே, ஒழுங்குமுறைகளின்படி பட்டம் வழங்கப்படுகிறது என்று தற்காலிகச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வைவா முடிந்த மூன்று வேலை நாளில் அதைத் தருவதற்குத் தடையாக இருப்பது பழக்கம் ஒன்றுதான்.

அலுவலகத்தை மட்டும் குறை சொல்லி நாம் முடித்துக்கொள்ளப் போவதில்லை. நெறியாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போகும் மாணவரிடம், 'நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பது இங்கே சகஜமாகிவிட்டது. பெருந்தன்மை போலத் தோன்றும் இந்தச் சொல் மாணவரைக் கைவிடுகிறது. தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூசும் மாணவர், இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றி எழுதுகிறார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், நல்ல நடத்தை உள்ளவர் என்று நடத்தைச் சான்றிதழ் போல மூன்று வரி வருகிறது. தேர்வுக் குழு தேடுவது வேறு. சோதனை மூன்றுமுறை தோற்றபோது இவர் என்ன செய்தார்? நெறியாளர் சொன்னதை மறுத்து ஏதாவது சொல்லியிருக்கிறாரா? இவருடைய ஆய்வேட்டில் இவருக்கே உரிய சிந்தனை எது? இதையெல்லாம் ஐந்து ஆண்டு கூடவே இருந்து பார்த்தவரால்தான் சொல்ல முடியும். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி அதை எழுதுவது நெறியாளரின் கடமை. அது கேட்டுப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது. அந்த நெறியாளர்களிலும் பலருக்கு அப்படி ஒரு கடிதத்தை யாரும் எழுதித் தந்ததில்லை என்பதையும் நாம் அறிவோம். அதனால்தான் இது பயிற்சியாகச் சொல்லித்தரப்பட வேண்டும் என்கிறோம்.

ஆய்வுத் திட்டம் எழுதுவதும் அப்படித்தான். மேரி கியூரி விண்ணப்பத்தின் மையப் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான் இடம். மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் தரத்துக்கு. முப்பது விழுக்காடு, அந்த ஆய்வால் ஆய்வாளருக்கும் உலகுக்கும் என்ன விளையும் என்பதற்கு. மீதி இருபது, அதை எப்படிச் செய்து முடிப்பார் என்பதற்கு. நம் ஆய்வு மாணவர்கள் தகவல் தொகுக்கப் பழகியிருக்கிறார்கள். 'இந்தக் கேள்வியை இப்போதே, நானே, உங்கள் ஆய்வகத்திலேயே ஏன் செய்ய வேண்டும்' என்று வாதிடப் பழகவில்லை. முனைவர் பட்டத்துக்கு முந்தைய பாடத்திட்டத்தில் ஆய்வு முறையியல் தாள் ஒன்று கட்டாயமாக இருக்கிறது. அதில் ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு மாணவரையும் ஒரு ப்ரபோசல் எழுதவைத்து, சக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தால் போதும்.

'மக்கள் வரிப்பணத்தில் படித்தவர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப நாமே வழி செய்வதா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் அக்கறை இருக்கிறது, வரலாறு இல்லை. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1947இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் அப்போதே அவரிடம் இருந்தது. இரண்டு ஆண்டு கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறையை ஏற்க முதலில் சி.வி. ராமனை அழைக்க, ராமன் தம் மாணவரான ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். 1952இல், முப்பது வயதை ஒட்டியிருந்த ஓர் இளைஞரிடம் கிண்டி வளாகத்தில் ஒரு துறை ஒப்படைக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிடைத்த கொலாஜன் மாதிரிகளைக் கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் அந்தப் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தார்கள். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். போனவர் திரும்பி வந்தார். திரும்பி வர ஓர் இடமும், அதைத் தர முடிவெடுக்கும் ஒரு துணைவேந்தரும் இங்கே இருந்தார்கள். அறிவு வெளியேறுகிறது என்று கவலைப்படுகிறவர்கள், அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத பேராசிரியர் பணியிடங்களைப் பற்றிக் கவலைப்படட்டும். இளைஞரின் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதால் யாரும் இங்கே தங்கிவிடுவதில்லை.

தாமதம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதும் இல்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் வீட்டில் ஓராண்டு வருமானமில்லாமல் இருப்பது எளிதல்ல. பெண்களுக்கு இன்னும் கடினம். 'இன்னும் எத்தனை நாள் படிப்பு?' என்று கேட்கும் உறவினர்களுக்கு அலுவலகத்தில் கிடக்கும் கோப்பைக் காட்டி விளக்க முடியுமா? குழந்தைப் பேற்றுக்கு எடுத்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிட ஹம்போல்ட் அறக்கட்டளைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தெரிகிறது. நம் பல்கலைக்கழகம் வீணாக்கிய மாதங்களைக் கழிக்க எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

உதவித்தொகை கிடைத்தபின்னும் கைப்பணம் தேவைப்படுகிறது. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் எனும் சான்றொப்பம், விசாக் கட்டணம், விமானச் சீட்டு, வீட்டு முன்பணம். பிரிட்டனுக்குப் போவதென்றால் மருத்துவக் கூடுதல் கட்டணமே ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பல இடங்களில் பின்னால் திருப்பித் தருவார்கள், ஆனால் முதலில் கட்ட வேண்டியவர் ஆய்வாளர். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் வட்டியில்லாமல் இரண்டு, மூன்று லட்சம் ரூபாய் கடன் தரும் ஏற்பாட்டை மாநில அரசு செய்யலாம். முதல் ஆறு மாதச் சம்பளத்திலேயே அது திரும்பி வந்துவிடும்.

உயர்கல்வித் துறையிடம் நாம் உடனடியாகக் கேட்பது ஒன்று. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இன்று நிலுவையில் உள்ள ஆய்வேடுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் சமர்ப்பிக்கப்பட்டது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை இந்த மாத இறுதிக்குள் வெளியிட வேண்டும். மாணவரின் பெயர் வேண்டாம், பதிவு எண் போதும். ஆறு மாதத்தைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, தாமதத்துக்குக் காரணமும் பொறுப்பான அலுவலரின் பதவியும் இருக்க வேண்டும். அடுத்த செப்டம்பர் கெடுவுக்கு விண்ணப்பிக்கப்போகிறவர்களின் ஆய்வேடுகள் இப்போது அந்த அலமாரிகளில்தான் இருக்கின்றன.