கேளாமல் விதிக்கும் அபராதம்

இணையத்தின் வழியே சங்கீதம் வழங்கும் ஸ்வீடன் தேசத்து ஸ்பாட்டிஃபை கம்பெனியார், 2024-ம் வருஷம் முதல் ஒரு புதிய தண்டனையை அமுலுக்குக் கொண்டுவந்திருக்கின்றனர். ஒரு பாட்டை மனிதர் கேளாமல் யந்திரங்களே திரும்பத் திரும்ப ஓட்டியதாகத் தெரிந்தால், அதை அனுப்பிய விநியோகஸ்தர் பாட்டொன்றுக்கு இவ்வளவென்று அபராதம் கட்டவேண்டும். விநியோகஸ்தரில் பலர் அதைப் பாடகர் தலையிலேயே சுமத்திவிடுகின்றனர்.

மோசடி நடப்பதை நாம் மறுக்கவில்லை. வசூலாகும் பணம் ஒரே நிதியாகச் சேர்ந்து, கேட்ட கணக்கின் விகிதப்படி பங்கிடப்படுகிறது. ஆகவே, கள்ளக் கணக்குக் காட்டுவோன் பெறும் ஒவ்வொரு காசும் யோக்கியமான வித்வானின் பங்கிலிருந்து திருடியதே. பிரான்ஸில் 2021-ம் வருஷத்துக் கணக்கில் நூற்றுக்கு 1 முதல் 3 வரை போலி என்று அந்நாட்டுத் தேசிய சங்கீத நிலையம் கண்டது. 2024-ல் அமெரிக்காவில் ஒருவர் மீது, இவ்வழியில் 1 கோடி டாலருக்கு மேல் அபகரித்ததாகக் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

ஆனால், வாதியும் சாக்ஷியும் நீதிபதியும் ஒருவரேயாகும் விசாரணை எந்தத் தர்மசாஸ்திரத்தில் உண்டு? விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன தரகனை நம்பிப் பணங்கொடுத்த பாடகன், யந்திரத்தைக் கனவிலும் அறியான். தம் களவை மறைக்க, யந்திரக்காரர் ஒரு பாவமும் அறியாதவர் பாட்டுக்களையும் இடையிடையே ஓட்டுவதுண்டு. இவர்களுக்குமா அபராதம்?

ஆதாரத்தைக் காட்டுக, பதிலுரைக்கத் தவணை தருக, நடுநிலையாளரிடம் அப்பீலுக்கு இடமளிக்குக. அதன்பின் குற்றவாளியைத் தண்டித்தால் நாமும் ஆமோதிப்போம். பாட்டைக் கேளாத யந்திரம் செய்வது மோசடியெனில், பாடகன் சொல்லைக் கேளாமல் தண்டிப்பது யதேச்சாதிகாரமே யாகும்.