தகப்பன் கையெழுத்து எந்தச் சட்டத்தில் இருக்கிறது?



தகப்பன் திருநெல்வேலியில். பதினாறு வயது மகள் மும்பையில் சித்தி வீட்டில். நம் குடியிருப்புகளில் இப்படி எத்தனை வீடு! அந்தப் பெண் கர்ப்பமாகிவிட்டால், சித்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். "தகப்பனைக் கூட்டி வா" என்று விரட்டுகிறார்கள்.

எந்தச் சட்டப்படி என்று கேட்கிறோம்.

1971-ஆம் வருடத்துக் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவளுக்குக் கார்டியனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. உண்மை. கார்டியன் யார்? மைனரைப் பராமரிப்பவர். அவ்வளவுதான். தகப்பன் என்ற சொல்லே அங்கே கிடையாது. சோறு போட்டு வளர்க்கும் சித்தி போதும், பாட்டி போதும். சட்டத்தில் இல்லாத காகிதத்தைக் கேட்பது குமாஸ்தா புத்தி. நாங்களும் குமாஸ்தாக்கள்தான், அந்தப் புத்தியை அறிவோம்.

தகப்பனுக்குத் தத்காலிலும் டிக்கெட் கிடைக்காது. வாரங்கள் ஓடும். 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 2021 திருத்தப்படி மைனருக்கு 24 வரை உண்டு, ஆனால் இரண்டு டாக்டர் வேண்டும். அதையும் தாண்டினால் கோர்ட்டுப் படி. சித்தாள் கூலியில் வக்கீல் வைக்கிறதா?

'பெற்றவனுக்குத் தெரியாமலா?' என்று கௌரவம் பேசுகிறவர்களே, நாங்களும் பெற்றவர்கள்தான். தீங்கு செய்தவனே வீட்டுக்குள் இருந்தால் அவன் கையெழுத்துக்கா காத்திருப்பது?

போலீசுக்குப் பயந்து மருந்துக்காரியிடம் போய் உயிரை விடாதீர்கள். போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் பெண்ணும் கார்டியனும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 29-9-2022 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

திருப்பி அனுப்பினால், எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சங்கத்திலிருந்து ஆள் கூட வருவோம்.