ஏழாம் நம்பர் ஊமையான கதை

சகோதரிகளே, உங்கள் சமையலறை அலமாரியை ஒரு நிமிஷம் மனக்கண்ணால் பாருங்கள். மேல் தட்டில் இடது கோடி துவரம் பருப்பு. அடுத்தது கடலைப் பருப்பு. கீழ்த் தட்டில் உப்பு, பக்கத்தில் சர்க்கரை. மின்சாரம் போன ராத்திரியில்கூட உங்கள் கை தானாகப் போய்ச் சரியான டப்பாவின் மேல் விழும். ஊரிலிருந்து வந்த நாத்தனார், ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று டப்பாக்களை மாற்றி அடுக்கிவிட்டால் மறுநாள் காலைக் காப்பி எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த நாத்தனார் செய்த வேலையைத்தான் நான் என் அத்தை வீட்டில் செய்தேன். டப்பா மளிகை டப்பா அல்ல. அவளுடைய ரேடியோக் கருவியில் ஏழாம் நம்பர். உப்பும் சர்க்கரையுமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்த நாளில், கீழ் வீட்டுத் தாத்தாவின் மூச்சே அந்த ஏழாம் நம்பரை நம்பி இருந்தது.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா ஹாம் ரேடியோக்காரர். அதாவது சம்பளத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லாமல், ஆசைக்காகவே வானலையில் பேசுகிற கூட்டத்தில் ஒருவர். பரீட்சை எழுதித் தேறி, மத்திய அரசின் உரிமம் பெற்றவர்கள்தான் இதில் பேசலாம். மாமா இருந்த காலத்தில் அந்தக் கருவி அத்தைக்கு ஒரு சக்களத்தி. சாப்பாடு ஆறுகிறது என்று இவள் கத்துவாள். அவர் யாரோ முகம் தெரியாத ஜப்பான்காரரோடு பேசிக்கொண்டிருப்பார்.

அவர் காலமாகி மூன்று வருஷம் கழித்து அத்தை அந்தக் கருவியைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. இரைச்சல் வந்தது. ஆனால் மாமா வருஷக்கணக்கில் ஒவ்வொரு நம்பராகப் பதிந்து வைத்திருந்த அலைவரிசைகளில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில், மெமரியைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ளே காசு போல ஒரு லிதியம் பாட்டரி வைத்திருப்பார்கள். பல வருஷம் உழைக்கும். அது உயிரை விட்டால் நினைவும் கூடவே போய்விடும். (பழைய கருவி வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பாட்டரியைத்தான் பார்க்க வேண்டும். இப்போது வருகிற கருவிகளில் மின்சாரமே இல்லாமல் நினைவு வைத்துக்கொள்ளும் சில்லுகள் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.)

அன்றைக்கு அத்தை அழுதாள் என்பதை அவளே பிற்பாடுதான் சொன்னாள். ஆனால் மாமாவின் குறிப்பு நோட்டு மிஞ்சியிருந்தது. "மனுஷர் எல்லாவற்றையும் காகிதத்திலும் எழுதி வைத்திருக்கிறார்டி" என்று எனக்குக் காட்டினாள். அதைப் படிக்க ஆரம்பித்தவள் அப்படியே பாடப் புத்தகமும் படித்து, 61-வது வயசில் பரீட்சையில் தேறியும் விட்டாள்!

ரேடியோவுக்கும் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் பாரதி பிரசாத் என்ற பெயரைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் வேறு சில ஹாம் அன்பர்களோடு அந்தமான் போயிருந்தார். உலகத்து ஹாம்களோடு அந்தத் தீவிலிருந்து பேச வேண்டும் என்பதுதான் ஆசை. 26-ஆம் தேதி காலையில் பூமி நடுங்கியது, சுநாமி வந்தது, டெலிபோன்கள் மடிந்தன. விளையாட்டுக்குப் போன குழு அன்றிலிருந்து தூதுவர் வேலை பார்த்தது. உறவினர் பிழைத்தார்களா என்று தவித்துக்கொண்டிருந்த வீடுகளுக்குத் தீவிலிருந்து சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அலமாரிக்கு வருவோம்.

அத்தைக்கு உரிமம் வந்ததும் கையடக்கமாக ஒரு புதுக் கருவி வாங்கினாள். 128 மெமரி உள்ளது. இன்றைக்கு இது சாதாரணம். 1970-களில் வந்த கருவிகளில் ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு படிகத் துண்டுகள் வாங்கிச் செருக வேண்டும். பேச ஒன்று, கேட்க ஒன்று. ஆறு சானல் வேண்டுமானால் பன்னிரண்டு படிகம்! அந்தக் கணக்கில் பார்த்தால் அத்தையின் உள்ளங்கையில் இருநூற்றைம்பத்தாறு படிகம்.

ஒரு டப்பாவுக்குள் ஓர் எண்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கெட்டேன். கைக்கருவியின் சக்தி நாலைந்து வாட். நடுவில் நாலு அடுக்கு மாடி வந்தால் குரல் நின்றுவிடும். அதனால் ஊருக்கு ஊர் உயரமான இடத்தில் ரிபீட்டர் என்று ஒன்றை ஹாம் அன்பர்கள் வைத்திருக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் உரக்கச் சொல்லும். நம் நாட்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு தெரு ஒதுக்கியிருக்கிறது. அங்கே ரிபீட்டரின் காது, அதன் வாய்க்கு வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும். ஆகவே கேட்க ஓர் எண், பேச வேறோர் எண்.

இது போதாதென்று வாசலில் ஒரு காவல்காரனும் உண்டு. பேச்சோடு கூடவே மிகத் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று போக வேண்டும். டோன் என்கிறார்கள். சொன்ன டோன் வந்தால்தான் பல ரிபீட்டர்கள் கதவைத் திறக்கும். வெளியிலிருந்து வரும் வேண்டாத இரைச்சலுக்கெல்லாம் திறந்துவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. கேட்கிறவர் காதில் அது விழாது, கருவி வடிகட்டிவிடும். ரீங்காரம் இல்லாமல் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் காவல்காரன் அசைய மாட்டான். ஆனால் உள்ளே பேசுகிறவர்களின் குரல் மட்டும் உங்களுக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். இதுதான் இதில் உள்ள பெரிய மோசம்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கருவியின் எழுத்தோ எறும்பு எழுத்து. "நீ படித்த பெண்தானே, போட்டுக் கொடு" என்றாள். கருவியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் எந்த அலைவரிசையையும் கையால் அழுத்திப் போகலாம். இன்னொன்று மெமரி, நம்பரைச் சொன்னால் உள்ளே இருப்பது வரும். முதல் நிலையில் நின்று ரிபீட்டரின் எண்ணை அழுத்தினேன். 600 கீழே என்று போட்டேன். ஏழாம் நம்பரில் சேமித்தேன். அத்தை கூப்பிட்டுப் பார்த்தாள்; பதில் இல்லை. "டோன் போட்டாயோ?" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு டோனைப் போட்டேன். மறுபடி கூப்பிட்டாள். அண்ணா நகரிலிருந்து ஒருவர் கணீரென்று பதில் சொன்னார். இருவருக்கும் பரம சந்தோஷம். மெமரிக்குப் போய் ஏழை அழுத்தினோம்; அவர் குரல் அதிலும் கேட்டது. சரி, முடிந்தது என்று போண்டா சாப்பிடப் போய்விட்டோம்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? மெமரி என்பது சேமித்த அந்த நிமிஷத்தின் புகைப்படம். பிறகு போட்ட டோன் கருவியில் ஏறியது. ஏழாம் நம்பருக்குள் ஏறவில்லை. புகைப்படம் எடுத்த பிறகு பொட்டு வைத்துக்கொண்டால் படத்தில் பொட்டு வருமா?

டிசம்பர் 4-ஆம் தேதி. அத்தை இருக்கும் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்போனில் உயிர் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய தாத்தாவுக்கு இரவும் பகலும் ஆக்ஸிஜன் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் யந்திரம் நின்று போயிற்று. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தை கருவியை எடுத்தாள். அந்தக் கருவியில் மெமரி நம்பரை மூன்று இலக்கமாக அழுத்த வேண்டும். 007! (சினிமாக்காரர் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஹாம் அன்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே படகு வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் கூப்பிட்டாள். அவர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசினார்கள். மறுபடி கூப்பிட்டாள். வராந்தாவில் நின்று, மொட்டை மாடியில் மழையில் நின்று, கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எப்படியெல்லாமோ கூப்பிட்டாள்.

"செத்துப் போனவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறதுடி. எல்லோரும் பேசுவது கேட்கிறது, நான் இருப்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஒன்றேகால் மணி நேரம் இப்படிப் போயிற்று. பாட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது, கேட்பதைவிடப் பேசத்தான் அதிகம் செலவாகும். கடைசியில் கணக்கு வாத்தியார் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். குரல் வருகிறது என்றால் கேட்கிற எண் சரி. போகவில்லை என்றால் பேசுகிற எண்ணோ டோனோ தப்பு. டார்ச்சை அடித்துச் சின்னத் திரையைப் பார்த்தாள். 600 கீழே என்பதற்கான கழித்தல் குறி இருந்தது. டோன் இருப்பதைக் காட்டும் 'சி.டி.' என்ற இரண்டெழுத்து இல்லை.

துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் மாமாவின் பழக்கப்படி ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். எண், கழித்தல், டோன் மூன்றும் அதில் இருந்தன. மெமரியை விட்டு வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கையால் போட்டாள். கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். "புதுக் குரல் ஒன்று கேட்கிறது. எல்லோரும் சும்மா இருங்கள்" என்றார் ஒருவர். பதில் சொன்னவருடைய வீட்டில் பழைய கம்பி டெலிபோன் உயிரோடிருந்தது. அதிலிருந்து பெங்களூரில் இருக்கும் தாத்தாவின் பிள்ளைக்குப் போனார். பிள்ளை தெரிந்தவர்களை எல்லாம் பிடித்தார். பொழுது சாயும் நேரத்துக்கு மீன்பிடிப் படகு ஒன்றில் சிலிண்டர் வந்து சேர்ந்தது. முள் சிவப்பைத் தொட்டு வெகு நேரமாகியிருந்தது.

மூன்றாம் நாள் நான் போனபோது அத்தை திட்டவில்லை. "உன் ஏழாம் நம்பர் ஊமைடி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தக் கருவி வைத்திருக்கக்கூடும். ஆகவே அன்று மாலை உட்கார்ந்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஏழாம் நம்பரை அழித்தோம். பல கருவிகளில் நிறைந்த டப்பாவின் மேல் புதிதாக எழுத முடியாது. பிறகு எண், திசை, 600, டோன் எல்லாவற்றையும் போட்டு முடித்து, கூப்பிட்டுப் பதில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே சேமித்தோம். அப்புறம் மெமரிக்குள் போய் அங்கிருந்தே இன்னொரு தரம் கூப்பிட்டுப் பதில் வாங்கினோம். அவசரத்துக்கு வேண்டியவற்றை முதல் பத்துக்குள் வைத்தோம். நிறையப் போட வேண்டியிருந்தால் கம்ப்யூட்டரில் 'சிர்ப்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. வரிசையாகப் பட்டியல் போட்டுக் கருவிக்குள் அனுப்பிவிடலாம். பெயர் கொடுப்பதற்கும் அதுதான் சௌகரியம்.

எல்லாம் முடிந்ததும், 21 முதல் 25 வரை ஐந்து டப்பாக்களை அத்தை தன் சந்தோஷத்துக்கென்று எடுத்துக்கொண்டாள். நம் தலைக்கு மேல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறதே சர்வதேச விண்வெளி நிலையம், அதிலும் ஹாம்களுக்கான ரிபீட்டர் ஒன்று 2020 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. எப்போதும் ஓடாது, ஓடும் நாட்களில் 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேச வேண்டும், 437.800-இல் கேட்க வேண்டும். ஆனால் நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ரயில் வரும்போது ஊதல் உயர்ந்தும் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே விஷயம்தான். வரும்போது 437.810-இல் கேட்பது, தலைக்கு மேல் 437.800, போகும்போது 437.790. மொத்தம் பத்து நிமிஷக் காட்சி. அதற்குள் எண்களை யார் அழுத்திக்கொண்டிருப்பது? அதனால் ஐந்தைந்து கிலோஹெர்ட்ஸாக இறங்கும் ஐந்து எண்கள், ஐந்து டப்பாவில். ஒவ்வொன்றிலும் டோன் போட்டு, கேட்கும் எண்ணை முதலில் சேமித்து, பிறகு பேசும் எண்ணை அதே நம்பரில் சேமித்திருக்கிறாள். அலமாரிச் சீட்டில் அவற்றுக்குப் பெயர்: வருகிறார், நெருங்கிவிட்டார், உச்சியில், தாண்டினார், போய் வருகிறார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, பால் காய்ச்சியவுடன், அத்தை ஒவ்வொரு அவசர நம்பரிலிருந்தும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கீழேயிருந்து தாத்தாவின் பேத்தி மாடிப் படியில் தலையை நீட்டி, "பாட்டி, ஏழு பேசறதா?" என்று கேட்கும். பேசினால் சீட்டில் பென்சிலால் ஒரு கோடு.

அந்தக் கோடு போடும் பென்சிலை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். கருவியை இன்னும் என் கையில் தருவதில்லை.